மூன்று முட்கள்

அப்பாவின் வாடகைக் காரில் ஓட்டுநருக்கு எதிரே மூன்று முட்கள் இருந்தன. ஒன்று வேகத்தைக் காட்டுவது. மற்றொன்று தொட்டியில் எஞ்சியிருக்கும் பெட்ரோலைக் காட்டுவது. மூன்றாவது, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் வெப்பத்தைக் காட்டுவது. மூன்றும் பொய் சொல்லின. அப்பா அந்தப் பொய்களை அளந்து வைத்திருந்தார். பெட்ரோல் முள் பாதியில் நின்றால் தொட்டியில் கால் பங்குதான் உண்டு என்று கொள்வார். வேக முள்ளை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை; எஞ்சினின் ஓசையே அவருக்கு வேகத்தைச் சொல்லிவிடும்.

வெப்ப முள்தான் தொல்லை தந்தது. வண்டி கிளம்பிய கால் மணி நேரத்தில் அது சிவப்புக் கோட்டை ஒட்டிப் போய் நின்றுகொள்ளும். முன்னிருக்கையில் அமரும் பயணிகள் அதைக் கண்டு அஞ்சுவார்கள். "டிரைவர், வண்டி சூடாகுதே?" என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, நீரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தேற்றித் தேற்றி அப்பாவுக்குச் சலித்துவிட்டது. பழனி அடிவாரத்தில் முருகன் படம் போட்ட வட்டமான ஒட்டுத்தாள் ஒன்றை வாங்கி, அந்த மானியின் கண்ணாடிமேல் சரியாகப் பொருந்துமாறு ஒட்டினார். "இனிமே அவரு பாத்துக்குவாரு" என்று சிரித்தார். அதன்பின் எவரும் எதுவும் கேட்கவில்லை.

இது நடந்தது 1996 ஆம் ஆண்டு. நான் திண்டுக்கல்லில் பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வண்டியோ 1982 ஆம் ஆண்டில் சாலைக்கு வந்தது. அப்பா அதற்கு எத்தனையாவது உரிமையாளர் என்பது பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். விடுமுறை நாள்களில் நானும் துணைக்குப் போவேன். பெட்டிகளை மேலே ஏற்றிக் கட்டுவது, கண்ணாடி துடைப்பது, மலைப்பாதையில் வண்டி நின்றால் சக்கரத்திற்குக் கல் வைப்பது ஆகியவை என் வேலைகள்.

அக்டோபர் மாதம் ஒருநாள் விடியற்காலையில் முதிய இணையர் இருவர் வந்தனர். கொடைக்கானலில் அவர்களுடைய மகள் பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்வரை அந்த அம்மையார் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். வளைவுகள் தொடங்கியதும் கண்களை மூடிக்கொண்டார். டம்டம் பாறையைக் கடந்து ஊத்து என்னும் ஊரை நெருங்குகையில் வண்டியின் இழுவை குறைந்தது. அப்பா கியரை மாற்றினார். எஞ்சினுக்குள் சிறு சுத்தியல்கள் தட்டுவதைப் போன்ற ஓசை கேட்டது. அடுத்த வளைவில் முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி பீறிட்டது, வண்டி நின்றுவிட்டது.

ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வெடித்து, நீர் வழியெல்லாம் கசிந்து போயிருந்தது. வெப்பம் சட்டென ஏறியதன்று. ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவுக்கு அது படிப்படியாக ஏறிக்கொண்டே வந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தானே ஒரு முள்ளைப் பொருத்தியிருக்கிறார்கள்! அந்த முள்ளின்மேல் முருகன் படம் இருந்தது. படம் இல்லாதிருந்தாலும் முள் வழக்கம்போல் சிவப்பில்தான் நின்றிருக்கும். அப்பாவும் வழக்கம்போல் நம்பாமல் இருந்திருப்பார்.

அந்த முதியவர்களைக் கொடைக்கானல் பேருந்தில் ஏற்றிவிட இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அப்பா வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் வாங்க மறுத்தார். அப்பா அவர் சட்டைப்பையில் திணித்தார். அவர்கள் எந்நேரம் போய்ச் சேர்ந்தார்கள், அங்கே என்ன ஆயிற்று என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பா இதைச் சொல்லி வருந்துவார்.

எஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தில் வளைந்துவிட்டது. அதைக் கழற்றிக் கடைசல் பட்டறையில் தேய்த்துச் சமன்செய்து, புதிய கேஸ்கட் வைத்துப் பூட்டுவதற்குள் மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. மூன்று வாரம் வருமானமில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. அடுத்த சித்திரையில்தான் அதை மீட்க முடிந்தது.

எஞ்சினைச் சரிசெய்தவர் முட்களைத் தொடவில்லை. "அது ஒயரிங் வேலை" என்றுவிட்டார். ஆகவே, நாகல்நகர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு முதியவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைத்தனர். அவருடைய மேசையில் ஒரு மல்டிமீட்டர், ஒயர் பொருத்திய ஒரு சிறு விளக்கு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட ஒரு மூக்குக்கண்ணாடி ஆகியவை எப்போதும் இருக்கும். அப்பா தம் குறைகளை அடுக்கினார். முன்பு இரண்டு பட்டறைகளில் காட்டியதையும், ஒருவர் தொட்டியிலுள்ள மிதவையையும் மற்றொருவர் எஞ்சினிலுள்ள வெப்ப உணரியையும் மாற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டதையும், எதிலும் பயனில்லை என்பதையும் சொன்னார். பாய் எதையும் கழற்றவில்லை.

"இந்த ரெண்டு முள்ளும் எப்ப இருந்துண்ணே பொய் சொல்லுது?"

அப்பாவுக்கு நினைவில்லை. "ரொம்ப நாளா" என்றார்.

பாய் பெட்ரோல் மானியிலிருந்து தொடங்கினார். தொட்டிக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோலின் மட்டத்தோடு அது ஏறி இறங்கும். அதனோடு இணைந்த கை ஒரு மின்தடைச் சுருளின்மேல் நகரும். எங்கள் வண்டியைப் போன்ற பழைய வண்டிகளில், தொட்டி நிறைந்திருந்தால் தடை குறைந்து மின்னோட்டம் மிகும். வற்றினால் தடை மிகுந்து மின்னோட்டம் குறையும். அந்த மின்னோட்டம் முன்னால் உள்ள மானிக்கு வருகிறது. அங்கே முள்ளை நகர்த்துவது காந்தம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆனால் நகர்த்துவது வெப்பம். வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய பட்டை ஒன்றின்மேல் நுண்கம்பி சுற்றப்பட்டிருக்கும். மின்னோட்டத்தால் கம்பி சூடாகும், பட்டை வளையும், வளைந்த பட்டை முள்ளைத் தள்ளும். இத்தகைய ஈருலோகப் பட்டையை 18 ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர், தட்பவெப்பத்தால் தம் கடற்கடிகாரங்கள் பிழைபடாதிருக்கப் பயன்படுத்தினார். அவர் வெப்பத்தின் விளைவை நீக்கக் கையாண்டதே, இங்கே வெப்பத்தைக் கொண்டு அளவு காட்டப் பயன்படுகிறது. பட்டை சூடேறச் சற்று நேரம் ஆவதால் முள்ளும் சோம்பலாகவே நகரும். அந்தச் சோம்பலும் நன்மைக்கே. இல்லாவிட்டால் வளைவுதோறும் தொட்டியில் பெட்ரோல் அலையும்போது முள்ளும் கூடவே ஆடும்.

தொட்டியருகே ஒயரைக் கழற்றியதும் முள் மெல்லக் கீழே இறங்கியது. விளக்கை இடையில் இணைத்து, ஒயரை வண்டியின் உடலோடு தொட்டதும் முள் ஏறியது. விளக்கு எதற்கு என்று கேட்டேன். "நேராத் தொட்டா மீட்டருக்குள்ள கம்பி கருகிரும். பெட்ரோல் பக்கத்துல பொறி பறந்தா நாம கருகிருவோம்" என்றார். ஒயரும் மானியும் நலமாகவே இருந்தன. மிதவையும் புதிது. மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு வண்டியின் பழைய பித்தளை மிதவையை எடுத்து, என் காதருகே குலுக்கிக் காட்டினார். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி கேட்டது. ஊசிமுனைத் துளை ஒன்றின் வழியே பெட்ரோல் புகுந்து அந்த மிதவை மூழ்கிவிட்டதாம். அந்த வண்டிக்காரர், தொட்டி நிறைய ஊற்றியும் முள் காலி என்று காட்டுவதைப் பார்த்து, பெட்ரோல் போடுபவரோடு சண்டைக்கே போய்விட்டாராம்.

அடுத்தது வெப்ப உணரி. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு எதிரேயிருந்த தேநீர்க் கடைக்குப் போனோம். அங்குக் கொதிக்கும் நீரை ஒரு குவளையில் வாங்கி, உணரியின் முனையை அதில் அமிழ்த்தி, மல்டிமீட்டரைப் பார்க்கச் சொன்னார். தடை மளமளவெனக் குறைந்தது. நீர் ஆற ஆறத் தடை சீராக ஏறியது. சூடேறினால் தடை குறையும் குறைகடத்தி அது. "இவனும் யோக்கியந்தான். இவனையும் வீணா மாத்தியிருக்காங்க" என்றார். பிறகு, நான் எந்நாளும் மறவாத ஒன்றைச் சொன்னார். உணரி நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் அதன் சொல்லுக்கு மதிப்பு. நீர் முழுவதும் போய்விட்டால் அது வெறுமையில் தொங்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கவும் கூடும். ஆகவே, முள் ஏறினாலும் நிறுத்த வேண்டும். ஏறிய முள் காரணமின்றி இறங்கினாலும் நிறுத்த வேண்டும்.

இரண்டு உணரிகளும் நலம். இரண்டு மானிகளும் நலம். ஆனாலும் இரண்டு முட்களும் மிகைபடவே காட்டின. பாய் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. அப்பாதான், பேச்சுக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமே என்பதுபோல, "ராத்திரியில லைட்டப் போட்டா ரெண்டு முள்ளும் கொஞ்சம் இறங்கும் பாய்" என்றார்.

பாய் குவளையைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்று சொல்லிச் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "தனித்தனியாக் கெட்ட சாமான் தனித்தனியாத்தான் பொய் சொல்லும் தம்பி. ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குதுன்னா, ரெண்டுக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு இருக்கு" என்றார்.

பொதுவாக இருந்தது ஒரு சிறு தகரப் பெட்டி. தீப்பெட்டியைவிடச் சிறியது, மானிகள் பொருத்திய பலகையின் பின்புறம் இருப்பது. பட்டறை வழக்கில் அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். வண்டியின் மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. எஞ்சின் நின்றிருக்கையில் 12 வோல்ட் அளவில் இருக்கும். ஓடும்போது 14 வரை ஏறும். விளக்குகளை எரியவிட்டால் சற்றுக் குறையும். வெப்பத்தால் இயங்கும் மானிகளுக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஆகாது. ஆகவே, இந்தப் பெட்டி மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் மட்டும் மானிகளுக்குச் சேருமாறு செய்கிறது. அதற்குள் இருப்பதும் ஓர் ஈருலோகப் பட்டைதான். சூடானால் தொடர்பை விடும். ஆறினால் மீண்டும் தொடும். ஆனால் அதன் கம்பிச்சுருள் சூடாக வேண்டுமானால், பெட்டியின் உடல் வண்டியின் உடலோடு மின்தொடர்பு கொண்டிருக்க வேண்டும். அந்த எர்த் தொடர்பு அறுந்தால் சுருள் சூடாகாது. பட்டை தொடர்பை விடாது. 14 வோல்ட் முழுவதும் மானிகளுக்குப் போய்விடும். அந்த ஆண்டு எங்கள் இயற்பியல் பாடத்தில் ஜூல் விதி வந்திருந்தது. வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 10 க்கு மாற்றாக 14 என்றால் வெப்பம் ஏறத்தாழ இரு மடங்கு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு வாய்பாடு, எங்கள் வீட்டுச் சங்கிலி போன கதையைச் சொல்லிக்கொண்டு என் எதிரே நின்றது.

பாய் பலகையை முன்னால் இழுத்தார். அந்தப் பெட்டியைப் பலகையோடு இறுக்க வேண்டிய திருகாணி இல்லை. துளை மட்டும் இருந்தது. அதைச் சுற்றித் துரு படர்ந்திருந்தது.

"இத யாரோ ஒருத்தன் கழட்டியிருக்கான். மாட்ட மறந்துட்டான்."

அன்றிரவு நான் அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்தேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் நாள், கிலோமீட்டர், லிட்டர், முள் நின்ற இடம் ஆகிய நான்கையும் எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. முந்தைய ஆண்டு மார்ச் வரை, முள் காலில் நிற்கும்போது தொட்டியை நிறைக்க ஏறத்தாழ 40 லிட்டர் பிடித்திருந்தது. ஏப்ரலிலிருந்து, முள் பாதியில் நிற்கும்போதே அதே 40 லிட்டர் பிடித்தது. இரண்டுக்கும் இடையே, "மீட்டர் கேபிள் மாற்றியது" என்று ஒரு வரி. வேகமானியின் கேபிளை மாற்றுவதற்காக யாரோ பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். விடை ஒன்றரை ஆண்டுகளாக அப்பாவின் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. அவர் அந்த நோட்டை வாங்கி, அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மீட்டர் பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சதோட நான் நின்னுட்டேன்" என்றார்.

மறுநாள் பாய் துருவைச் சுரண்டி, ஒரு திருகாணியை இறுக்கினார். கூடவே உடலோடு ஓர் ஒயரையும் இணைத்தார். திருகாணிக்கு அவர் காசு வாங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டோம். அப்பா முருகன் படத்தை நகத்தால் மெல்ல உரித்தெடுத்து, காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் மேல்மூலையில் ஒட்டினார். பசைக்கறை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் முழுவதும் போகவில்லை. கறைக்குப் பின்னால் முள் மெதுவாக எழுந்து நடுவில் வந்து நின்றது. ஒரு மணி நேரம் ஓடவிட்டும் அங்கேயே நின்றது.

வேக முள்ளின் பொய் வேறு வகை. அதற்கும் இந்தப் பெட்டிக்கும் தொடர்பில்லை. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கிறது. காந்தம் சுழல, கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அதையும் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுக்கிறது. இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்புகிறதோ அதுவே வேகம். சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியை இழுப்பதைப் பிரெஞ்சு அறிஞர் அராகோ 1824 ஆம் ஆண்டிலேயே கண்டார். அதற்கான காரணத்தைப் பின்னர் ஃபாரடே விளக்கினார். ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் அதைக் கொண்டு வேகமானி அமைத்து 1902 ஆம் ஆண்டில் பெர்லினில் காப்புரிமை பெற்றார். காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். கிலோமீட்டரை எண்ணும் உருளைகளோ பற்சக்கரத்தால் நேரே சுழல்பவை. காந்தத்தின் சோர்வு அவற்றைப் பாதிக்காது. அதனால்தான் அப்பாவின் நோட்டை நம்ப முடிந்தது.

பிழை எவ்வளவு என்று அறிய நான் ஒரு வழி கண்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 60 நொடி. வத்தலக்குண்டுச் சாலையில் அப்பா முள்ளை 60 இல் நிறுத்தி ஓட்ட, நான் மைல்கல்லுக்கு மைல்கல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்துக் கற்களின் சராசரி 66 நொடி. அதாவது, உண்மையான வேகம் 54 அல்லது 55. அப்பாவிடம் சொன்னேன். "கூடத்தானே காட்டுது? இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரியே. வேகமானி உண்மை வேகத்தைவிட ஓரளவு கூட்டிக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டலாகாது என்பதுதான் இன்றைய பன்னாட்டு விதியும். ஆகவே, அந்தப் பொய்யை மட்டும் அப்படியே விட்டுவைத்தோம்.

அரையாண்டு விடுமுறையில் மீண்டும் கொடைக்கானல் சவாரி வந்தது. ஐந்து பேர், மேலே பெட்டிகள். அப்பா வளைவுக்கு ஒருமுறை அந்தப் பசைக்கறைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். டம்டம் பாறைக்குச் சற்று முன்னால் முள் நடுவிலிருந்து நகர்ந்தது. சிவப்புக்கு இன்னும் வெகு தொலைவு இருந்தது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கிச் சக்கரத்திற்குக் கல் வைத்தேன்.

"ஏன் நிறுத்துறீங்க? வண்டி நல்லாத்தானே போகுது?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"முள்ளு ஏறுதுங்க" என்றார் அப்பா. இறங்கி முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை மதகுச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டார்.